காய் பிடிக்காத கனகாம்பரம்

வண்டி மணியாச்சியைத் தாண்டிவிட்டது என்று பிரமு போனில் சொன்னபோது வடிவு செடிக்கு முன்னால்தான் குத்தவைத்திருந்தாள். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, ஒரு பழைய கதிரை அடியிலிருந்து நுனிவரை விரலால் தடவிப் பார்த்தாள். பூ உதிர்ந்த இடமெல்லாம் வெறும் பச்சைச் செதில். ஒவ்வொரு செதிலையும் நகத்தால் விலக்கிப் பார்த்தாயிற்று. உள்ளே ஒன்றும் இல்லை. முப்பத்தோரு வருஷமாக இல்லாதது இன்றைக்குக் காலையில் மட்டும் வந்து உட்கார்ந்திருக்குமா என்ன. "சித்தி, கேக்குதா? இன்னும் முக்கால் மணி நேரத்துல ஜங்ஷன். யாழினி எந்திச்சதுல இருந்து ஒரே பாட்டு. ஆச்சி வீட்டுல வெடிக்கிற காய் இருக்கு, வெடிக்கிற காய் இருக்குன்னு கம்பார்ட்மெண்ட் பூரா சொல்லியாச்சு. எடுத்து வச்சிருக்கீங்கல்லா?" "வாங்க, வாங்க. வந்து பாத்துக்கிடலாம்." "கொஞ்சம் கூடவே வைங்க சித்தி. புது வீட்டுல விதை போடணும். விதை போட்டா எங்க அம்மா செடியே வந்துரும்லா?" வரும் என்றாளா, உம் என்றாளா, வடிவுக்கே ஞாபகம் இல்லை. போன் அணைந்து கன்னத்தில் வியர்வை ஒட்டியிருந்தது. மணி ஆறு பத்து. ஆறு பத்துக்கு என்ன வியர்வை.

எங்க அம்மா செடி. அப்படித்தான் சொல்வாள், எப்போதும். அதில் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது, அது அவள் அம்மா செடிதான், உலகு அக்கா வைத்த செடிதான், அந்த இடத்தில் நிற்கிற செடி என்று பார்த்தால். இதே இடம். துவைகல்லுக்கு மேற்கே, காலை வெயில் பட்டு மதியத்துக்கு மேல் சுவர் நிழல் விழுகிற இடம். அதே ஆரஞ்சு. அதே ஆரஞ்சா? அக்காவின் பூ கொஞ்சம் வெளிறின நிறம், பழுத்த பப்பாளியை வெட்டினால் தோலை ஒட்டி வருமே, அந்த நிறம். இது அடர்த்தி. இதழும் பெரிது. ஆனால் அக்காவின் பூவைக் கடைசியாகப் பார்த்தபோது பிரமுவுக்குப் பதினோரு வயது, அந்தப் பிள்ளைக்கு நிறம் ஞாபகம் இருக்குமா? இருக்காது. சத்தம் ஞாபகம் இருக்கும். காய்ந்த காய் தண்ணீர் பட்டதும் டப்பென்று பிளந்து விதை தெறிக்கிற சத்தம். அக்கா சாகிறதற்கு முன்னால் ஆறு வயதுப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு டம்ளர் தண்ணீரில் காயைப் போட்டுப்போட்டுக் காட்டியது இதே துவைகல்லில்தான். மஞ்சள் காமாலை. கண்ணெல்லாம் மஞ்சள். அப்போதும் சிரித்துக்கொண்டிருந்தாள். வடிவு பி.ஏ. இரண்டாம் வருஷம், ஹால் டிக்கெட் வந்த வாரம். பரீட்சை எழுதவில்லை. ஏழு மாதம் கழித்து இந்த வீட்டுக்குள் வந்தாள். பிள்ளைக்கு ஒரு ஆள் வேண்டும், வெளியே இருந்து ஒருத்தி வந்தால் பிள்ளையைப் பார்ப்பாளா, சித்தி என்றால் சொந்த ரத்தம் என்று பெரியவர்கள் பேசி முடித்தார்கள். அவளும் சரி என்றாள். சரி என்றுதானே சொன்னாள்? யாரும் கேட்டதாக ஞாபகம் இல்லை, ஆனால் சரி என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது. பிள்ளை அவளைச் சித்தி என்றே கூப்பிட்டது. பிள்ளை பிறந்ததிலிருந்து அவள் சித்திதான். அத்தானையும் அத்தான் என்றே கூப்பிட்டாள். யாருக்கும் பெயர் மாறவில்லை, ஒரு ஆள் மட்டும் குறைந்திருந்தது. இந்நேரம் வண்டி நாரைக்கிணறு வந்திருக்கும். இல்லை, அதற்குள் வராது.

குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. ஆற்றுத் தண்ணீர், ஒரு மணி நேரம்தான் வரும், எழுந்து போய்க் குடத்தை வைக்க வேண்டும். வைத்தாள். அப்படியே பாலையும் சின்னத் தீயில் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். இன்றைக்குப் பூ எடுக்கிற நாள். ஒருநாள் விட்டு ஒருநாள் எடுக்கிற பூ. கதிரில் அடிவரிசை முந்தாநாள் எடுத்தாயிற்று, அதற்கு மேல் வரிசை விரிந்திருக்கிறது. இரண்டு விரலால் பிடித்து லேசாக இழுத்தால் எதிர்ப்பே இல்லாமல் வந்துவிடும், அவ்வளவு சாது. மணமும் கிடையாது. மணமில்லாத பூவுக்கு இத்தனை ஆசையா என்று கல்யாணமான புதிதில் நினைத்திருக்கிறாள். அத்தான்தான் எடுப்பார். எலெக்ட்ரிசிட்டி போர்டில் வேலை, ஏழரைக்குக் கிளம்ப வேண்டும், அதற்கு முன்னால் கூடையோடு வந்து நின்று ஒவ்வொன்றாக எடுத்து, வாழைநாரை நனைத்துத் தானே கட்டுவார். ஆம்பிளை பூக்கட்டி அதற்கு முன் அவள் பார்த்ததில்லை. அக்கா இருக்கும்போது கட்டத் தெரியாது, பிறகு கற்றுக்கொண்டிருக்கிறார். யாரிடம்? கேட்டதில்லை. கட்டியது அக்காவின் படத்துக்கு. மிச்சம் இருந்தால் பிள்ளையின் சடைக்கு. வடிவு வைத்துக்கொள்ளக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. வைத்துக்கொள் என்றும் யாரும் சொல்லவில்லை. இப்படியே நாலு வருஷம், ஐந்தாவது வருஷம் சித்திரை. பிரமு லீவுக்குத் தென்காசியில் அவள் அத்தை வீட்டுக்குப் போயிருந்தாள். அந்த வருஷம் வெயில் கொடுமை. செடியில் அன்றைக்கு ஏழு பூதான். அவர் அந்த ஏழையும் கட்டிப் படத்துக்கு வைத்துவிட்டு, "இன்னைக்கு ஏழுதான் இருந்துச்சு" என்றார். வடிவிடம் சொல்லவில்லை. படத்திடம் சொன்னார், தலையைக் கொஞ்சம் சாய்த்து, சம்பளம் குறைந்த மாதத்தில் பெண்டாட்டியிடம் சொல்கிற மாதிரி. சமையற்கட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு வடிவு பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான். சண்டை ஒன்றும் இல்லை. அன்றைக்கு மத்தியானம்தான் கஞ்சி.

கஞ்சி ஆறியிருந்ததா? இதை இனிமேல் நினைக்கக்கூடாது. சோறு வடித்த கஞ்சியை ஆறவைத்துத் தண்ணீர் கலந்து கனகாம்பரத்துக்கு ஊற்றுவது அக்கா பழக்கம், அக்காவுக்குப் பின் வடிவின் பழக்கம். ஊற்றியது புதிதல்ல. எல்லா நாளும் ஊற்றுகிற கஞ்சி. அன்றைக்குப் பத்தரைக்கு வடித்தாள், பன்னிரண்டுக்கு ஊற்றினாள், ஒன்றரை மணி நேரத்தில் எந்தக் கஞ்சியும் ஆறிவிடும். மேலே ஆடை படிந்திருந்தது, நன்றாக ஞாபகம் இருக்கிறது, விரலால் தள்ளினால் சுருங்குகிற ஆடை. ஆடை படிந்தால் ஆறியிருக்கிறது என்று அர்த்தம். ஆனால் அன்றைக்கு மின்வாரியத்திலிருந்து இரண்டு பேரை அவர் சாப்பாட்டுக்குக் கூட்டி வந்தாரே, அதற்காக இரண்டாவது உலை வைத்தாளே. அது அன்றைக்கா, அதற்கு முந்தின வாரமா? ஆவி வந்ததா? சித்திரை வெயிலில் ஆவி எங்கே தெரியும். மூன்றாம் நாள் செடி தலையைத் தொங்கப் போட்டது. ஐந்தாம் நாள் இலை முறுகியது, தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கியது. அவர் வந்து பார்த்தார். மண்ணைக் கையால் கிளறி, கிளறின விரலை மூக்கருகே கொண்டுபோனார். கொண்டுபோனாரா? கொண்டுபோனார். பிறகு கையைத் தட்டிக்கொண்டு, "இந்த வருஷம் வெயில் சாஸ்தி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மறுநாள் சாயங்காலம் ஈரச்சாக்கில் ஒரு செடியைச் சுருட்டிச் சைக்கிளில் வைத்துக் கொண்டுவந்தார். தானே குழி வெட்டினார். பழைய வேரைப் பிடுங்கித் தெருக்கோடிக் குப்பையில் போட்டுவிட்டு வந்து, "பிரமுகிட்ட சொல்ல வேண்டாம், பிள்ளை ஏங்கிரும்" என்றார். புதுச்செடி முதலில் பூத்த அன்றைக்குப் பூவைப் பறித்து அவள் கையில் கொடுத்தார். "படத்துக்கும் வை. நீயும் வை." ஆசைப்பட்டது இதுதானே? இதற்குத்தானே? அவள் எல்லாவற்றையும் படத்துக்கு வைத்தாள். ஒரு பூ, ஒரே ஒரு பூ, தன் தலையில் வைத்துக்கொண்டதில்லை, அவர் இருந்தவரைக்கும். இப்போது அவர் போய் நாலு வருஷம், இனி வைப்பதற்கும் இல்லை. கேட்கவேண்டும் என்று நினைத்து நினைத்தே அவரும் போய்விட்டார். மண்ணை முகர்ந்தீர்களே அத்தான், என்ன மணம் வந்தது?

"என்ன வடிவு, செடியை மொறைச்சா கூட நாலு பூ பூக்குமோ?" சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தலை மட்டும் தெரிந்தது, ஜெயமேரி டீச்சர், ரிட்டயர் ஆகியும் குரல் இன்னும் கடைசி பெஞ்சுவரை போகும். "ஒண்ணுமில்ல டீச்சர். பிரமு வாரா." "அதுக்கா இப்படி மூஞ்சி? மக வந்தா சிரிக்கணும்டி. என்ன தேடுத?" வடிவு சொல்லியிருக்கக்கூடாது, ஆனால் வாய் முந்திக்கொண்டது. "காய் டீச்சர். காய்ஞ்ச காய். பேத்திக்கு வெடிச்சுக் காட்டணுமாம்." "இதுல ஏது காய்? இது டெல்லிக் கனகாம்பரம்லா. குச்சி வெட்டி வச்சாத்தான் உண்டு, விதையே கட்டாது. மலடி." சொல்லிவிட்டு டீச்சர் நாக்கைக் கடித்துக்கொண்டாள், வடிவுக்குப் பிள்ளை இல்லை என்பது அப்போதுதான் நினைவு வந்த மாதிரி. "செடியைச் சொன்னேன்டி." "செடியைத்தான் சொன்னீங்க." "எங்க சுவரோரத்துல நாட்டு ரகம் கிடக்கே, காடு மாதிரி. காய்ஞ்ச கதிரு எம்புட்டு வேணும்? இரு." தலை மறைந்தது. திரும்பி வந்தபோது சுவருக்கு மேல் ஒரு கை நீண்டது, கை நிறையப் பழுப்புக் கதிர்கள். "ஈரக்கையோட தொட்ராத, வெடிச்சிரும்." "நீங்க வச்சதா டீச்சர்?" "நான் எங்க வச்சேன். ரெண்டாயிரத்து மூணுல இந்த வீட்டை வாங்கும்போதே நின்னுச்சு. முன்னால இருந்தவங்க, நாங்க வைக்கல, தானா முளைச்சுதுன்னாங்க. அடுப்புல என்னமோ வச்சிருக்கேன், வாரேன்."

தானாக முளைத்தது. சுவரோரத்தில். இந்தச் சுவர் அப்போது இடுப்பளவுதானே இருந்தது. அக்காவின் செடியிலிருந்து நாலு எட்டு. மழை பெய்தால் விதை எவ்வளவு தூரம் தெறிக்கும்? நாலு எட்டு தெறிக்கும். ஐந்து எட்டும் தெறிக்கும். இருபத்திரண்டு வருஷமாக டீச்சர் வீட்டுக்கு வாசல் வழியாகத்தான் போயிருக்கிறாள், சுவர் எட்டி ஒருநாளும் பார்த்ததில்லை. இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம், இந்த ஊரில் எந்தச் சுவரோரத்தில் கனகாம்பரம் இல்லை. கதிர்களை முந்தியில் முடிந்துகொண்டாள். உலர்ந்த முந்திதானா என்று தொட்டுப் பார்த்தாள். இதை எடுத்து நம்ம செடியின் அடியில், உதிர்ந்து கிடக்கிற மாதிரி போட்டுவிட்டால்? பிள்ளை பொறுக்கும், தண்ணீரில் போடும், வெடிக்கும், சிரிக்கும். விதையைப் பிரமு காகிதத்தில் மடித்துச் சென்னைக்குக் கொண்டுபோவாள். அவள் வீட்டில் ஒருவேளை உண்மையிலேயே அவள் அம்மா செடி முளைக்கும். யாருக்கு என்ன நஷ்டம்? ஆனால் டம்ளர். அந்த டம்ளரை என்ன செய்வது. பிரமு அப்போது ஒன்பதாம் வகுப்பு, ஹாஸ்டலிலிருந்து அரைப்பரீட்சை லீவுக்கு வந்திருந்தாள். யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டு ஒரு டம்ளரில் பாதித் தண்ணீர் மொண்டு இந்தத் துவைகல்லில் வைத்து, ஒரு காய்ந்த கதிரை ஒடித்து அதில் போட்டுவிட்டுக் குனிந்து காது கொடுத்தாள். வடிவு ஜன்னலில் நின்றாள், மூச்சு விடவில்லை. எவ்வளவு நேரம்? பால்காரர் வந்து போகிற நேரம். ஒன்றும் வெடிக்கவில்லை. பெண் செடியைப் பார்த்தாள், டம்ளரைப் பார்த்தாள், தண்ணீரைச் செடிக்கே ஊற்றினாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே வந்து, "சித்தி, பசிக்கி" என்றாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் ஒருநாளும் காயைப் பற்றிப் பேசியதில்லை. அப்படியென்றால் தெரியும். தெரிந்தால் இப்போது ஏன் கேட்கிறாள், கூடவே வைங்க, விதை போடணும் என்று? மறந்துவிட்டாளா? நாற்பத்திரண்டு வயதில் பிள்ளைக்குக் கதை சொல்லும்போது சத்தம் மட்டும் நினைவு வந்து டம்ளர் மறந்துபோகுமா? மறக்கும், எனக்கே இரண்டாவது உலை எந்த வாரம் என்று தெரியவில்லையே. இல்லை, சோதிக்கிறாளா? வாரத்துக்கு மூன்று தடவை போன் செய்கிறவள், ஒவ்வொரு பொங்கலுக்கும் சேலை எடுத்து வருகிறவள், அவர் போனபோது பதினாறு நாளும் பக்கத்திலேயே படுத்திருந்தவள் சோதிப்பாளா? அவளைத் தவிர வடிவுக்கு யார் இருக்கிறார்கள். இந்த வாசலைத் திறந்துகொண்டு வர வேறு யார். அவளும் வராவிட்டால் இந்தப் பூவை யாருக்குப் பறிப்பது. கங்கைகொண்டான். கங்கைகொண்டான் தாண்டியிருக்கும். தாழையூத்தில் சிமெண்டுத் தூசி பட்டு யாழினி தும்மும்.

என்ன பாவம் செய்தேன், வெயிலில் ஒரு செடி பட்டுப்போனது, வேறு செடி வைத்தோம். அந்தச் செடியையும் நாலு வருஷத்துக்கு ஒருமுறை குச்சி வெட்டி, அடி இலையைக் கழித்து, ஆற்றுமணலில் ஊன்றி, நிழலில் வைத்து, புதுத்தளிர் வருகிறதா என்று இருபது இருபத்தைந்து நாள் காலையிலும் மாலையிலும் பார்த்து, எட்டுத் தலைமுறையாகக் காப்பாற்றியது யார். வேரில் முடிச்சு முடிச்சாகப் புழு விழுந்தபோது வேப்பம்புண்ணாக்கு இடித்துப் போட்டது யார். விதை போட்டு வருகிற செடி தன்னால் வரும். இது யாராவது வெட்டி ஊன்றினால்தான் வரும். விட்டால் அதோடு முடிந்தது. நான் விடவில்லை. ஒரு தடவைகூட விடவில்லை. இதைச் சொல்லலாம். இதைச் சொன்னால் முன்கதையும் சொல்ல வேண்டும். பால்! பால் தீயும் வாடை. எழுந்து ஓடினாள், முழங்கால் கடுத்தது, அடுப்பில் பால் பொங்கி வழிந்து கருகிக்கொண்டிருந்தது. மேடையில் கிடந்த பிடிதுணியை இரண்டு கையிலும் மடித்துப் பாத்திரத்தைப் பிடித்து இறக்கினாள். இறக்கிவிட்டு அப்படியே நின்றாள். துணிக்குள்ளே பாத்திரத்தின் சூடு கைக்கு ஏறிக்கொண்டிருந்தது. விடவில்லை. இந்தச் சூடு தெரியும். துணி வழியாக ஏறுகிற சூடு. அத்தானின் கிழிந்த கட்டம்போட்ட லுங்கியில் வெட்டிய துணி, நீலக்கட்டம், ஒரு ஓரம் தீய்ந்தது. அதை மடித்துத்தான் பானையின் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு போனாள், துவைகல் வரைக்கும், கால் சுடச்சுட, செடியடி வரைக்கும். ஆறின பானைக்கு யார் துணி வைத்துப் பிடிப்பார்கள்? ஆடை படிந்திருந்தது. ஆடைக்கு அடியில் கொதித்தது. தெரியும். அன்றைக்கும் தெரியும். முப்பத்தோரு வருஷமாக ஆடையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

குழாய்த் தண்ணீரில் கையைக் காட்டினாள். வெகுநேரம் காட்டினாள். குடம் நிரம்பி வழிந்து போய்க்கொண்டிருந்தது, மூடத் தோன்றவில்லை. ஆட்டோ சத்தம். இல்லை, அது பள்ளிக்கூட வேன். ஆட்டோதான். அவசரமாக முந்தியை அவிழ்த்துக் கதிர்களைக் கையில் அள்ளிக்கொண்டு செடிப்பக்கம் போனாள். போட்டுவிடலாம், இப்போதே, ஒரு நொடிதான், குனிந்து தூவிவிட்டால் போதும். குனிந்தாள். கை திறக்கவில்லை. வாசல் தாழ்ப்பாள் விலகி, செருப்புச் சத்தம் ஓடிவந்தது. "ஆச்சீ, வெடிக்கிற காய் எங்க?" பின்னாலேயே பிரமு, தூக்கம் கலையாத முகம், ஒரு கையில் பை, காதோரத்தில் நரை. போன தடவைக்கு இது கூடியிருக்கிறது. "ஏட்டி, ஆச்சிக்கு ஒரு வணக்கம் சொல்லத் தெரியல, காய் கேக்கா. சித்தி, என்ன இப்படி வேர்த்திருக்கீங்க? உடம்புக்கு என்ன?" வடிவு நிமிர்ந்தாள். சொல்லத் தயாராக மூன்று பேச்சு வைத்திருந்தாள். மழையில் எல்லாம் வெடித்துவிட்டது. கதிரைக் கிள்ளிவிட்டால்தான் அடுத்த பூ சீக்கிரம் வரும், அதனால் கிள்ளிவிட்டேன். கீழே கிடக்கிறது பார். எந்தப் பேச்சு முதலில் வந்திருக்கும் என்று தெரியாது, ஏனென்றால் அதற்குள் அவள் மூடிய கைக்குள் டப்பென்று ஒன்று வெடித்தது. சின்னச் சத்தம், ஆனால் மூன்று பேருக்கும் கேட்டது. உள்ளங்கையில் சுள்ளென்று ஒரு குத்து. பிறகு இன்னொன்று. ஈரக்கை. டீச்சர் சொன்னாளே. இன்னொன்று. விரலிடுக்கிலிருந்து ஒரு விதை தெறித்துப் பிரமுவின் சேலையில் ஒட்டியது. குழந்தை வீறிட்டுச் சிரித்தது. பிரமுவும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். சித்தியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"இது நம்ம செடியோடது இல்ல" என்றாள் வடிவு. "டீச்சர் வீட்டுச் செடி. நம்ம செடியில காய் கிடையாது. இது உங்கம்மா செடி இல்லட்டி. அதை நான் கொன்னுட்டேன். நீ தென்காசிக்குப் போயிருந்தப்ப. கஞ்சி ஊத்தினேன்." பிரமு பையைக் கீழே வைத்தாள். "கஞ்சி எப்பவும் ஊத்துறதுதான சித்தி." "ஆறலை. தெரிஞ்சுதான் ஊத்தினேன். துணி வச்சுப் பிடிச்சிருந்தேன்." தெருவில் கீரைக்காரி கூவிக்கொண்டு போனாள், அரைக்கீரை, தண்டங்கீரை. கூவி முடித்துத் திரும்பிக் கூவினாள். பிரமு செடியையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஒன்பதாம் வகுப்பில் பார்த்த மாதிரி. பிறகு கேட்டாள், "அப்பாவுக்குத் தெரியுமா?" "மண்ணை மோந்து பாத்தாரு. வெயில் சாஸ்தின்னாரு." பிரமு உள்ளே போனாள். போய்விட்டாள், அவ்வளவுதான், பையை எடுத்துக்கொண்டு இப்போது வெளியே வருவாள், அடுத்த வண்டி எத்தனை மணிக்கு என்று வடிவின் மனம் கணக்குப் போடத் தொடங்கியது, பை துவைகல்லருகே கிடப்பதைப் பார்த்தபடியே. சமையற்கட்டில் பாத்திரம் உருளுகிற சத்தம். வழிந்த குழாயை யாரோ மூடுகிற சத்தம். வெளியே வந்தபோது பிரமு கையில் ஒரு டம்ளர் இருந்தது, பாதித் தண்ணீர். துவைகல்லில் வைத்தாள். வடிவின் கையைப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, வெடிக்காமல் மிஞ்சிய காய்களைப் பொறுக்கினாள். ஐந்தோ ஆறோ இருந்தன. தண்ணீரில் போட்டாள். "பேசாம நில்லு" என்றாள் குழந்தையிடம். மூன்று பேரும் குனிந்தார்கள். காய்கள் மிதந்தன. பால்காரரின் சைக்கிள் மணி தெருமுனையில் கேட்டு அடங்கியது. ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை. வடிவு கண்ணை மூடிக்கொண்டாள். டப்.

குழந்தை கைதட்டியது. பிரமு தலையைத் தூக்கவில்லை, டம்ளரைப் பார்த்தபடியே சொன்னாள். கோபமா, அழுகையா, குரலில் பிடிபடவில்லை. "சித்தி, இந்தச் செடியிலயும் ரெண்டு குச்சி வெட்டுங்க. கொண்டுபோணும்." வடிவு கத்தியைத் தேடினாள். காலையில் கதிர் கிள்ளச் செருகிய கத்தி இடுப்பிலேயே இருந்தது. பூ இல்லாத கிளையாக, ரொம்ப முற்றாததாக, ரொம்ப இளசும் இல்லாததாக, கணுவுக்குக் கொஞ்சம் கீழே. பார்க்காமலே கையால் கிளையைத் தடவினாள். கணு எங்கே என்று மட்டும் அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது.